34 வருடத்துக்கு முந்தைய தையல்

கேள்வி: எனக்கு 58 வயது. இரண்டு வருடமாக என்னை அறியாமல் மலம் கசிகிறது. வெளிக்குப் போய், நன்றாகக் கழுவிவிட்டு வந்து அரை மணி நேரத்தில் உள்ளாடையில் கறை. சில நாள், வருகிறது என்று தெரிந்து எழுந்தால் பாத்ரூம் வாசலை எட்டுவதற்குள் போய்விடுகிறது. காற்றா மலமா என்றும் சில சமயம் புரிவதில்லை. 12 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், இரண்டு வருடம் முன்பு அளவைக் கூட்டினார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் 34 வருடம் முன்பு ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை, நிறையத் தையல். இப்போது கல்யாணம், கோயில் எதற்கும் போவதில்லை. பஸ் ஏறுவதே இல்லை. மருந்துக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டால் இரண்டு நாள் நிற்கும், அப்புறம் மலச்சிக்கல். எங்கள் டாக்டரிடம் ஒருமுறை சாடையாகச் சொன்னேன். "வயசானா அப்படித்தாம்மா" என்றார். இது வயசுதானா, புற்றுநோயா? யாரைப் பார்ப்பது? இளையவளுக்கு இப்போது ஏழாம் மாதம். அவளுக்குச் சிசேரியன் கேட்டு வாங்கிவிடலாமா?
— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

அம்மா, "சாடையாகச் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். குடல் அறுவை சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் என்னிடமே பாதிப் பேர் சாடையாகத்தான் சொல்கிறார்கள். "மூலம் மாதிரி இருக்கு", "எப்பவும் ஈரமா இருக்கு", "பேதி நிக்க மாட்டேங்குது." மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, கூட வந்தவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, கதவில் கை வைத்தபடி திரும்பி, "இன்னொண்ணு டாக்டர்..." என்று ஆரம்பிப்பார்கள். வந்த விஷயமே அதுதான். அமெரிக்காவில் நடந்த ஒரு தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவருக்கு இந்தத் தொல்லை இருப்பதாகத் தெரிந்தது. நீங்கள் போகாமல் விட்ட கல்யாண மண்டபத்திலும், பந்தியில் ஓரத்து இலையாகப் பார்த்து உட்கார்ந்து, சமையல்கட்டுக்குப் பின்னால் கழிப்பறை எங்கே என்று முதலில் விசாரித்து வைத்துக்கொண்டவர்கள் இரண்டு மூன்று பேராவது இருந்திருப்பார்கள்.

"வயசானா அப்படித்தான்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 90 வயதில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். 30 வயதில் அவதிப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். வயது தசையைத் தளர்த்தும், உண்மைதான். ஆனால் தளர்ந்த தசையோடு வேறு ஏதோ ஒன்று சேர்ந்தால்தான் பெரும்பாலும் கசிவு வரும். அந்த வேறு ஒன்றைத் தேடாமல் விடுவதற்கு வயது ஒரு வசதியான சாக்கு. உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்டவை மூன்று இருக்கின்றன.

அதற்கு முன்னால், மலம் எப்படி அடங்கி நிற்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை தெரியும் அல்லவா? ஆசனவாயைச் சுற்றி அதுபோல ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையத் தசைகள் உள்ளன. மருத்துவத்திலும் சுருக்குத்தசை என்றுதான் பெயர். உள்வளையம் நம் பேச்சைக் கேட்காது. நாம் தூங்கினாலும் அது பாட்டுக்கு இறுகி நிற்கும். சாதாரண நேரத்து இறுக்கத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதனுடையது. வெளிவளையம் நம் கட்டுப்பாட்டில் உள்ளது. அவசரம் வரும்போது "கொஞ்சம் பொறு" என்று அடக்கிப் பிடிப்பது அதுதான். இவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு தசை, மலக்குடலைப் பின்பக்கமாகச் சுற்றி முன்னோக்கி இழுத்துக் கட்டிய நாடாவைப் போல இருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்கிறதே, அந்த மடிப்பை இது உண்டாக்குகிறது. குத்தவைத்து உட்கார்ந்தால் மடிப்பு நிமிர்ந்து வழி விடும்.

தசை மட்டும் போதாது. உள்ளே வந்து நிற்பது காற்றா, தண்ணீரா, கட்டியா என்று பிரித்துச் சொல்ல ஆசனவாயின் உட்பரப்பில் உணர்வு நரம்புகள் வேண்டும். வந்ததைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ள மலக்குடல் பலூன் மாதிரி விரிந்து கொடுக்க வேண்டும். வருவதும் ஓரளவு கெட்டியாக இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல சுருக்குப்பையிலும் தண்ணீரை ஊற்றி வைக்க முடியாது. தசை, நரம்பு, மலக்குடல், மலத்தின் பதம் ஆகிய இந்த நான்கில் ஒன்று பழுதானால் மற்ற மூன்றும் சமாளித்துக்கொள்ளும். இரண்டு பழுதாகும்போதுதான் விஷயம் வெளியே தெரியவரும்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். தெரியாமல் கசிவது பெரும்பாலும் உள்வளையத்தின் குறை. தெரிந்தும் அடக்க முடியாமல் போவது வெளிவளையத்தின் குறை. காற்றா மலமா என்று புரியாதது நரம்பின் குறை. உங்களுக்கு மூன்றும் கலந்து இருக்கிறது. இப்படிப் பிரித்து எழுதும் நோயாளி அபூர்வம். உங்கள் டாக்டரிடமும் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

முதல் சந்தேகம் அந்த ஆயுதப் பிரசவத்தின் மேல். தலை இறங்காமல் நின்று, கரண்டி போன்ற கருவி போட்டு இழுக்கும்போது, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள பகுதி கிழியலாம். கிழிசல் ஆழமாகப் போனால் சுருக்குத்தசையும் சேர்ந்து அறும். மேலே தோலைத் தைத்து மூடிவிட்டால் உள்ளே வளையம் அறுந்திருப்பது யாருக்கும் தெரியாது. 1993-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், பிரசவத்துக்கு முன்பும் பின்பும் ஆசனவாய் வழியாக ஸ்கேன் செய்து பார்த்தார்கள். முதல் குழந்தையை இயல்பான வழியில் பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்குத் தசையில் பழுது இருந்தது. ஆயுதம் போட்ட 10 பேரில் 8 பேருக்கு இருந்தது. பழுது இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது எந்தத் தொல்லையும் இல்லை.

அப்படியானால் 34 வருடம் எங்கே போயிருந்தது என்று கேட்பீர்கள். இளம் வயதில் மிச்சமிருந்த தசை ஈடுகட்டியது. அதே பிரசவத்தில் இழுபட்ட நரம்பு மெல்ல மெல்லச் சோர்ந்தது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, இடுப்புக்குள் இருக்கும் தசையும் திசுவும் மெலிந்தன. ஓரத்தில் நூல் பிரிந்த புடவையைப் பல வருடம் கட்டலாம், ஒருநாள் அங்கேதான் கிழியும். ஐம்பது அறுபது வயதில் இந்தத் தொல்லையோடு வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, முதல் பிரசவம் எப்படி ஆனது என்பதைத்தான். "அதுக்கும் இதுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்று சிரிப்பார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள்.

இரண்டாவது சர்க்கரை. பாதம் மரத்துப்போவது எல்லோருக்கும் தெரியும். அதேபோலக் குடலின் நரம்பும் மரக்கும். உள்வளையத்தின் இறுக்கம் குறையும், மலக்குடல் நிறைந்தது தெரியாமல் போகும். இரவில் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு பேதி போகிறது என்றால் சர்க்கரையால் வரும் நரம்புத் தளர்ச்சி இன்னும் வலுவான சந்தேகம். உங்களுக்கு இரவில் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. கவனித்துப் பாருங்கள்.

மூன்றாவது நீங்கள் போகிற போக்கில் எழுதியது: மாத்திரையின் அளவைக் கூட்டியதும் இரண்டு வருடம், தொல்லை வந்தும் இரண்டு வருடம். மெட்ஃபார்மின் நல்ல மருந்து, ஆனால் பலருக்கு மலத்தை இளக்கும். பழுதான வளையம் கெட்டியாக வருவதை எப்படியோ பிடித்து வைத்திருந்தது. இளகியதைப் பிடிக்க முடியவில்லை. உடனே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெதுவாகக் கரையும் வகை ஒன்று இருக்கிறது, அது வயிற்றைக் குறைவாகத்தான் படுத்தும். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ முடியுமா என்று சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு இது ஒன்றே பாதித் தொல்லையைத் தீர்த்துவிடுகிறது.

உங்களுக்குப் பொருந்தாத காரணங்களும் பல உண்டு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பவுத்திரத்துக்குச் செய்யும் ஆபரேஷனில் சுருக்குத்தசையின் ஒரு பகுதியை வெட்ட வேண்டி வரலாம். எவ்வளவு வெட்டலாம் என்று தெரிந்து செய்தாலும் சிலருக்குக் கசிவு வரும். எங்கள் கையாலும் அது நடக்கிறது, மறைப்பதற்கில்லை. ஆனால் சுவரில் பெயின்ட் அடித்து "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில்" என்று கூப்பிடும் இடங்களுக்குப் போய், ஏதோ மருந்தால் தசையையே பொசுக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. வெந்து தழும்பான தசையைத் தைத்துச் சரிசெய்வது மிகவும் கஷ்டம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கோ புராஸ்டேட் புற்றுக்கோ கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு மலக்குடல் விரியும் தன்மையை இழக்கும். சிறிதளவு வந்தாலும் அவசரமாக இருக்கும். மலக்குடலே வெளியே பிதுங்கி வருவது இன்னொன்று. வயதான பெண்களில் பலர் அதை மூலம் என்று நினைத்து வருடக்கணக்கில் உள்ளே தள்ளிக்கொண்டு இருப்பார்கள். பக்கவாதம், பார்க்கின்சன், முதுகுத்தண்டுக் காயம், மறதிநோய் இவற்றிலும் வரும். பித்தப்பையை எடுத்தவர்களுக்குப் பித்தநீரால் வரும் பேதி, நம் ஊரில் மிகச் சாதாரணமான பால் செரியாமை, குடல் அழற்சி நோய்கள் இவையெல்லாம் மலத்தை இளக்கி, ஒளிந்திருந்த குறையை வெளியே இழுத்துவிடும். முழங்கால் தேய்ந்து, குத்தவைக்கும் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும் பெரியவருக்கு ஆசனவாயில் ஒரு கோளாறும் இருக்காது. போய்ச் சேருவதற்குள் நேரமாகிவிடுகிறது, அவ்வளவுதான். அவருக்கு வைத்தியம், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி.

ஒரு காரணத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் உள்ளவர்களே தெரியாமல் அதைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். 80 தாண்டிய ஒரு பெரியவரை மகன் அழைத்து வந்தார். பத்து நாளாகப் பேதி, படுக்கையெல்லாம் வீணாகிறது. மகன் கையில் பிளாஸ்டிக் பை, அதில் பேதியை நிறுத்தும் மாத்திரை நான்கு அட்டை, மூன்று தீர்ந்திருந்தன. கையுறை போட்டு விரலால் பரிசோதித்தேன். உள்ளே களிமண் உருண்டை காய்ந்து கிடப்பதுபோல மலம் அடைத்துக் கிடந்தது. அந்த அடைப்பின் ஓரமாக, மேலேயிருந்து வரும் தண்ணீர் மலம் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. அது பேதி இல்லை, மலச்சிக்கல். மகன் கொடுத்த ஒவ்வொரு மாத்திரையும் அடைப்பை இன்னும் இறுக்கியிருக்கிறது. எனிமா கொடுத்து, இளக்கும் மருந்து கொடுத்து இரண்டு நாளில் சரியானது. படுக்கையில் இருக்கும் முதியவருக்குத் திடீரென்று பேதி மாதிரி வழிந்தால், நிறுத்தும் மாத்திரைக்கு முன்னால் ஒருவர் விரல் வைத்துப் பார்த்தாக வேண்டும். நீங்களும் மாத்திரை, மலச்சிக்கல், மறுபடி கசிவு என்று அந்தச் சுற்றில் ஒரு காலை வைத்திருக்கிறீர்கள்.

புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதற்கான அறிகுறி தெரியவில்லை. இருந்தாலும் 58 வயதில், மலம் போகும் விதம் மாறியிருக்கும்போது, பார்க்காமல் "இல்லை" என்று நான் சொல்லக் கூடாது. பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி ஒருமுறை செய்துவிடுவது நல்லது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று உண்டு, அது அவசரம். முதுகுவலியோடு திடீரென்று மலமோ சிறுநீரோ கட்டுப்பாட்டை இழப்பது, சிறுநீர் வராமலே நின்றுவிடுவது, சேணத்தில் உட்காரும் இடம் போலத் தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, கால் தளர்வது. முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று அர்த்தம். மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யாரைப் பார்ப்பது? இரைப்பை குடல் அறுவை சிகிச்சை நிபுணரையோ, மலக்குடல் நிபுணரையோ பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்தப் பிரிவு இருக்கிறது. முதல் பரிசோதனை விரல் பரிசோதனைதான். கூச்சமாக இருக்கும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, "இப்ப இறுக்குங்க, இப்ப விடுங்க" என்பார்கள். வளையத்தில் எந்த இடத்தில் பிடிப்பு இல்லை என்பது பழகிய விரலுக்கே ஓரளவு தெரியும். பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்றோ நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். அப்புறம் ஆசனவாய் வழி ஸ்கேன், அது தசை எங்கே அறுந்திருக்கிறது என்று காட்டும். இறுக்கத்தை அளக்கும் மேனோமெட்ரி என்று ஒரு சோதனையும் உண்டு. இவை பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சிகிச்சை பெரும்பாலும் ஆபரேஷனில் தொடங்குவதில்லை. மலத்தைக் கெட்டிப்படுத்துவதுதான் முதல் வேலை. இசப்கோல் ஒரு ஸ்பூன், தண்ணீரில் கலந்து. மலச்சிக்கலுக்குக் கொடுப்பதை எனக்கு ஏன் என்று கேட்காதீர்கள், அது தண்ணீரை உறிஞ்சி இளகிய மலத்துக்கும் பதம் கொடுக்கும். பால், இனிப்பூட்டி சேர்ந்த சர்க்கரையில்லா மிட்டாய், நாளுக்கு நான்கைந்து காபி, இவற்றை ஒவ்வொன்றாக இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். காபி குடித்தால்தான் காலையில் வெளிக்கு வரும் என்று நாம் சொல்வது சும்மா இல்லை, அது உண்மையாகவே பெருங்குடலை முடுக்குகிறது. வெளியே கிளம்ப வேண்டிய நாளில் அந்தக் காபியை ஒரு மணி நேரம் முன்கூட்டியே குடித்து, போய்விட்டுக் கிளம்புவது என் நோயாளி ஒருவர் கண்டுபிடித்த வழி. பேதியை நிறுத்தும் மாத்திரையைக்கூடச் சரியாகப் பயன்படுத்த வழி இருக்கிறது. பேதி வந்த பின் மொத்தமாகப் போடாமல், சிறிய அளவில், டாக்டர் சொல்லும் நேரத்தில் போட்டால் மலச்சிக்கல் வருவது குறையும்.

கூடவே தசைப் பயிற்சி. நாலு பேர் நடுவில் காற்றை அடக்குவதுபோல ஆசனவாயை உள்நோக்கி இறுக்குங்கள். வயிறும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஐந்து எண்ணும்வரை பிடித்து, பத்து எண்ணும்வரை விடுங்கள். இப்படிப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. மூன்று மாதம் ஆகாமல் பலன் தெரியாது, பத்து நாளில் விட்டுவிடுகிறவர்களே அதிகம். சரியான தசைதான் இறுகுகிறதா என்று திரையில் காட்டிப் பழக்கும் பயோஃபீட்பேக் கிடைத்தால் இன்னும் நல்லது. இவற்றில் போதிய பலன் இல்லாதபோது, அறுந்த வளையத்தை மறுபடி சேர்த்துத் தைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. முதல் சில வருடம் நன்றாக இருக்கும், பிறகு பலன் குறையலாம் என்பதைத் தெரிந்துகொண்டுதான் செய்துகொள்ள வேண்டும். இடுப்புக்குப் பின்னால் சிறு கருவி வைத்து நரம்பைத் தூண்டும் முறையும் உண்டு. பலன் நன்றாக இருக்கிறது, விலைதான் நம் ஊருக்கு எட்டவில்லை.

தோலையும் கவனியுங்கள். சோப்பு போட்டு அழுத்தித் தேய்க்காமல் வெறும் தண்ணீரில் கழுவி, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லிதாகத் தடவுங்கள். பஸ் ஏறும் நாளில் ஒரு பேட், மாற்று உள்ளாடை, ஒரு பிளாஸ்டிக் உறை, இவை மஞ்சப்பையில் இருந்தாலே பாதி பயம் போய்விடும்.

கடைசியாக இளைய மகள். உங்களுக்கு நடந்ததற்காக அவளுக்குச் சிசேரியன் கேட்க வேண்டாம். அதுவும் ஒரு பெரிய ஆபரேஷன், அடுத்த பிரசவத்திலும் அதன் பாதிப்பு தொடரும். பிற்காலத்தில் கசிவு வராது என்பதற்கும் அது உத்தரவாதம் இல்லை. கேட்க வேண்டியவை வேறு. பிரசவத்துக்கு முந்தைய சில வாரங்களில் பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியை நீவிவிடும் முறையை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளலாம். குழந்தை இறங்கும் நேரத்தில் அங்கே வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுப்பது ஆழமான கிழிசலைக் குறைக்கிறது. வெட்டுப் போட வேண்டி வந்தால் நேராக ஆசனவாயை நோக்கிப் போடாமல் சாய்வாகப் போட வேண்டும். குழந்தை பிறந்ததும், தையலுக்கு முன்பு, ஆசனவாயில் விரல் வைத்துச் சுருக்குத்தசை முழுசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அறுந்திருந்தால் அப்போதே சரியாகத் தைத்தால் பெரும்பாலோருக்கு நன்றாகக் கூடிவிடும். உங்களுக்கு 34 வருடம் முன்பு அப்படி யாராவது பார்த்தார்களா என்று இப்போது தெரிந்துகொள்ள வழியில்லை. மகளின் மருத்துவரிடம் இதையெல்லாம் அவள்தான் கேட்க வேண்டும். அவள் கேட்க வேண்டுமென்றால், ஏன் என்று நீங்கள் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும் முன் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குப் போனது, மலம் எந்தப் பதத்தில் இருந்தது, கசிந்தது தெரிந்தா தெரியாமலா, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள். இரவில் எழுந்து போனால் அதைத் தனியாகக் குறியுங்கள். அந்த நோட்டையும், சர்க்கரை மாத்திரைச் சீட்டுகளில் அளவைக் கூட்டிய அந்தப் பழைய சீட்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.